கம்ப்யூட்டர் வந்தது, கைகள் வந்தனவா?

சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளியின் விவரங்களைக் காகிதத்தில் எழுதுவதற்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் ஏற்றும் ஏற்பாடு தமிழ்நாட்டில் புதிதல்ல. உலக வங்கிக் கடனோடு 2005ல் தொடங்கிய சுகாதாரத் திட்டத்தின் பகுதியாக இது வந்தது. ஜில்லா ஆஸ்பத்திரி, தாலுகா ஆஸ்பத்திரி, மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்று படிப்படியாகப் பரவிற்று. பிறகு மத்திய சர்க்கார் 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்கும் ஒரு திட்டத்தை அறிவித்தது. ஒவ்வொரு குடிமகனுக்கும் 14 இலக்கமுள்ள ஓர் எண். அந்த எண்ணின் கீழ் அவனுடைய நோய், மருந்து, பரிசோதனை எல்லாம் பதிவாகும் என்றார்கள்.

நல்ல காரியம்தானே? பின் ஏன் ஆஸ்பத்திரிகளில் இத்தனை முணுமுணுப்பு?

"ஊழியர்கள் ஒத்துழைப்பதில்லை; பழைய பழக்கத்தை விட அவர்களுக்கு மனமில்லை" என்கிறார்கள் மேலதிகாரிகள். "நோயாளியின் முகத்தைப் பார்ப்பதா, பெட்டியின் முகத்தைப் பார்ப்பதா?" என்று கேட்கிறார்கள் டாக்டர்களும் நர்சுகளும். வரிசையில் நிற்கும் நாம் என்ன சொல்லுகிறோம்? "ஒரு சீட்டுப் போட இத்தனை நேரமா?" என்று ஜன்னலுக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் பெண்மீது பாய்கிறோம். அரை நாள் கூலியை இழந்து வந்தவனுக்குக் கோபம் வருவது இயற்கைதான். ஆனால் அந்தக் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் அந்த ஜன்னல்தானா என்பதை நாம் நிதானமாக யோசிக்க வேண்டும். இது ஆஸ்பத்திரிச் சிப்பந்திகளின் தனி விவகாரம் அல்ல. ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் நோயாளியாக நிற்கும் இடத்து விவகாரம் இது.

பகை யந்திரத்தின்மேல் அல்ல

தொழிலாளி என்றாலே யந்திரத்துக்குப் பகைவன் என்று சொல்லுவது முதலாளிகளின் பழைய வாய்ப்பாடு. 1960களில் கல்கத்தாவின் இலாக்கோ ஹவுஸ் கட்டிடத்தில் எல்.ஐ.சி. நிர்வாகம் கம்ப்யூட்டரைக் கொண்டுவர முயன்றபோது, இன்ஷூரன்ஸ் ஊழியர்கள் இரவு பகலாக அந்தக் கட்டிடத்தைக் காவல் காத்தார்கள். அவர்களையும் இப்படித்தான் ஏசினார்கள். அவர்கள் கேட்டது என்ன? பல பேர் செய்யும் வேலையை ஒரு யந்திரம் செய்துவிட்டால் அந்தப் பல பேரின் சோற்றுக்கு வழி என்ன என்று கேட்டார்கள். அது நியாயமான கேள்வி.

இன்றைய ஆஸ்பத்திரியின் நிலைமை அதற்கு நேர்மாறானது. இங்கே யந்திரம் வந்து வேலையைக் குறைக்கவில்லை; கூட்டியிருக்கிறது. அன்று இன்ஷூரன்ஸ் ஊழியருக்கு 'வேலை போய்விடுமோ' என்ற பயம். இன்று நர்சுக்கு 'இருக்கிற இரண்டு கையால் இந்த வேலையையும் எப்படிச் செய்வேன்' என்ற திகைப்பு. யந்திரம் வந்தது. அதை இயக்கும் ஆள் வரவில்லை. வார்டில் இருக்கும் நர்சையே இயக்கச் சொன்னார்கள். இதுதான் பிரச்னையின் வேர்.

ஒரு பிள்ளைக்கு எத்தனை ஏடு?

கிராமத்தில் நாம் அன்றாடம் பார்க்கும் கிராம சுகாதார செவிலியரை எடுத்துக்கொள்ளுவோம். தமிழ்நாட்டில் 8,713 துணை சுகாதார நிலையங்கள் உள்ளன. சமவெளியில் 5,000 ஜனங்களுக்கு ஒரு நிலையம், ஒரு செவிலியர் என்பது கணக்கு. எங்காவது ஓரிடம் காலியானால் பக்கத்துச் செவிலியரின் தலையில் அதுவும் ஏறும்.

அவர் கர்ப்பிணியைத் தேடிச் சென்று எடை பார்க்க வேண்டும். இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். குழந்தைக்கு ஊசி போட வேண்டும். இவையெல்லாம் அவர் கற்ற தொழில். இதற்கு மேல், கர்ப்பிணியின் விவரத்தைப் 'பிக்மி' என்ற பதிவில் ஏற்ற வேண்டும். அந்தப் பதிவு எண் இருந்தால்தான் பிறகு குழந்தைக்குப் பிறப்புச் சான்று கிடைக்கும். அதே குழந்தையின் தடுப்பூசியை 'யூ-வின்' என்ற வேறொரு பதிவில் ஏற்ற வேண்டும். ஊரில் ஒருவருக்குக் காசம் என்றால், அதற்கு 2012ல் தொடங்கிய 'நிக்ஷய்' தனி. காய்ச்சல், வயிற்றுப்போக்கு இவற்றின் கணக்குக்கு 2021ல் வந்த பதிவு தனி. சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இன்னொன்று.

ஒரு தாய், ஒரு பிள்ளை; ஆனால் அவர்களுடைய பெயரையும் வயதையும் எத்தனை வாசலில் சொல்ல வேண்டியிருக்கிறது! ஒரு வாசலில் சொன்னது அடுத்த வாசலுக்குக் கேட்பதில்லை. இத்தனைக்குப் பிறகும் கையால் எழுதும் ரிஜிஸ்டர் ஒழிந்ததா என்றால், அதுவும் இல்லை. தணிக்கைக்கு வரும் அதிகாரி "ரிஜிஸ்டர் எங்கே?" என்றுதான் முதலில் கேட்பார்.

பகலெல்லாம் வெயிலில் நடந்த பெண், இரவில் வீட்டில் உட்கார்ந்து, சிக்னல் கிடைக்கும் மூலையைத் தேடி, இதையெல்லாம் ஏற்றுகிறார். அந்த மணி நேரங்கள் எந்தச் சம்பளப் பட்டியலிலும் இல்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகச் செல்லும் பெண்களும் இப்படியே செல்போனில் பதிவு செய்துகொண்டே நடக்கிறார்கள். அவர்களுக்குத் தொடக்கத்தில் கொடுத்தது மாதம் 4,500 ரூபாய். பிறகு 5,500 ரூபாய். அது சம்பளம் கூட அல்லவாம், ஊக்கத்தொகையாம்!

வார்டில் நடப்பது

ஆஸ்பத்திரி வார்டுக்கு வருவோம். இரவு வேளை. ஒரு நர்சு, கட்டில்களையும் மிஞ்சித் தரையில் பாய் விரித்திருக்கும் நோயாளிகள். ஒருவருக்கு குளுக்கோஸ் பாட்டில் மாற்ற வேண்டும், ஒருவருக்கு மூச்சு இழுக்கிறது. இந்த நேரத்தில் கம்ப்யூட்டரின் முன் போய் ஒவ்வொரு மருந்தையும் ஏற்ற முடியுமா? முடியாது. ஆகவே என்ன நடக்கிறது? மருந்தைக் கொடுத்துவிட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு, வேலை முடியும் நேரத்தில் எல்லாவற்றையும் மொத்தமாக ஏற்றுகிறார்கள். அவசரத்தில் ஒருவருடைய நுழைவுச் சொல்லை இன்னொருவர் உபயோகிக்கிறார். இயக்கம் மந்தமாகி யந்திரம் சுற்றிக்கொண்டே நின்றால், கட்டாயமான கட்டங்களில் எதையாவது போட்டு நிரப்பி அடுத்த பக்கத்துக்குப் போகிறார்கள்.

பொய் எழுத வேண்டும் என்று எந்த நர்சும் நினைப்பதில்லை. உண்மையை எழுத நேரம் கொடுக்காத ஏற்பாடு பொய்யை எழுத வைக்கிறது. பிறகு தலைநகரில் அந்தக் கணக்கைக் கூட்டி, 'இத்தனை சதவிகிதம் பதிவு பூர்த்தி' என்று மேடையில் வாசிக்கிறார்கள். பதிவு பூர்த்தி, பராமரிப்பு பூர்த்தியா?

ஒப்பந்த நர்சின் நிலைமை இன்னும் கடினம். 2015ல் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்துக்கு ஆயிரக்கணக்கான நர்சுகளை எடுத்தார்கள். அவர்கள் நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் திரண்டு போராடினார்கள். நிரந்தரம் இல்லாத ஊழியர், பதிவு குறைந்ததற்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தால் என்ன செய்வார்? நோயாளியை விட்டுவிட்டுப் பெட்டியிடம் ஓடுவார். அவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

பணக்கார நாடுகள் பட்ட பாடு

இது நம் ஊர்க் குறை மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் டாக்டர்கள் எவ்வாறு நேரத்தைச் செலவிடுகிறார்கள் என்று 2016ல் ஓர் ஆராய்ச்சி வந்தது. நோயாளியோடு ஒரு மணி நேரம் என்றால், கம்ப்யூட்டர் பதிவுக்கும் மேஜை வேலைக்கும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போகிறது என்று அது கண்டது. அங்கே பல ஆஸ்பத்திரிகளில் டாக்டர் பேசுவதைக் கேட்டுப் பதிவு செய்வதற்கென்றே தனியாக ஆள் வைத்தார்கள். பிரிட்டனில் 2002ல் நாடு தழுவிய பெரிய திட்டம் போட்டார்கள். பெரிய பெரிய கம்பெனிகளுக்குக் கண்டிராக்ட் கொடுத்தார்கள். வார்டில் வேலை செய்கிறவர்களின் யோசனையை மதிக்காமல் மேலிருந்து திணித்தார்கள். நூற்றுக்கணக்கான கோடிப் பவுன் செலவான பிறகு, 2011ல் அந்தத் திட்டத்தையே கலைப்பதாக அறிவித்தார்கள்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம், கம்ப்யூட்டர் வேண்டாம் என்பது அல்ல. வேலை செய்கிறவனைக் கேட்காமல் வேலையின் முறையை மாற்றினால் பணமும் போகும், வேலையும் கெடும் என்பதுதான்.

குடிகாட்டுக்கு ஏடு ஏன் வேண்டும்?

அப்படியானால் பழைய சீட்டே போதும் என்று விட்டுவிடலாமா? கூடாது. ஏன் கூடாது என்பதைக் கடலூர்ப் பக்கத்துக் குடிகாடு சொல்லும்.

1980களில் இங்கே சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. ரசாயனம், மருந்து, சாயம், பூச்சிமருந்து என்று ஆலைகள் வந்தன. குடிகாடும் ஈச்சங்காடும் சுற்றியுள்ள ஊர்களும் அந்தக் காற்றையே சுவாசிக்கின்றன. உப்பனாறு அந்தக் கழிவைச் சுமந்தது. 2007ல் 'நீரி' என்ற மத்திய ஆராய்ச்சி நிலையம், இப்பகுதிக் காற்றிலுள்ள நச்சு வாயுக்களால் ஒருவருக்கு ஆயுளில் புற்றுநோய் வரும் அபாயம் குறைந்தது 2,000 மடங்கு கூடுதல் என்று அறிக்கை கொடுத்தது. 2021 மே 13 அன்று பூச்சிமருந்து ஆலை ஒன்றில் நடந்த விபத்தில் 4 பேர் மாண்டார்கள். 2025 மே 15 அதிகாலையில் ஓர் ஆலையின் சாயக் கழிவுநீர்த் தொட்டி வெடித்து, அந்தத் தண்ணீர் குடிகாட்டு வீடுகளுக்குள் புகுந்தது. கண் எரிச்சலும் மூச்சுத் திணறலுமாக 20 பேருக்கு மேல் கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஜனங்கள் சாலையில் உட்கார்ந்தார்கள்.

இப்போது கேட்கிறோம்: அன்று ஆஸ்பத்திரிக்குப் போனவர்களின் நுரையீரல் ஓராண்டுக்குப் பிறகு எப்படி இருக்கிறது? ஐந்தாண்டுக்குப் பிறகு எப்படி இருக்கும்? நீரி போட்டது காற்றை அளந்து போட்ட கணக்கு. மனிதரை எண்ணிப் போடும் கணக்கு எங்கே? அது ஆஸ்பத்திரி ஏட்டில்தான் இருக்க முடியும்.

நம் ஜனங்களின் ஏடு எப்படி இருக்கிறது? கடலூர்த் தலைமை ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டு. நோய் பெரிதானால் புதுச்சேரி ஜிப்மருக்கு ஓட்டம். அங்கே வேறு எண், வேறு அட்டை. சிலர் சிதம்பரத்துக்குப் போகிறார்கள். 2021ல் சர்க்கார் ஏற்றுக்கொண்ட மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மூன்றாவது எண். ஒரே நெஞ்சை மூன்று இடத்தில் படம் எடுக்கிறார்கள். தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்ற ஒரே சொல். என்ன கூலி? சாயத் தொட்டி கழுவும் கூலியா, கொதிகலனில் கரி தள்ளும் கூலியா, வயலில் மருந்து அடிக்கும் கூலியா? ஏடு அதைச் சொல்லுவதில்லை.

அந்தச் சீட்டும் வீட்டில் நிலைக்கிறதா? 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கடலூரைப் புரட்டிப் போட்டது. 2015 வெள்ளம் குடிசைகளை மூழ்கடித்தது. ரேஷன் கார்டையும் பட்டாவையும் காப்பாற்றவே வழியில்லாதவன் எக்ஸ்ரே படத்தை எங்கே காப்பாற்றுவான்? பல ஆண்டு நோயின் சாட்சி ஒரே இரவில் கரைந்து போகிறது.

ஏடு இல்லாதவனுக்கு நேரும் கதியைப் போபாலில் பார்த்தோம். 1984 டிசம்பரில் விஷவாயு பரவிற்று. எந்த ஆஸ்பத்திரியில் என்ன சிகிச்சை பெற்றாய், காகிதம் எங்கே என்று கேட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் 'தற்காலிகப் பாதிப்பு' என்ற வகையில் தள்ளப்பட்டு 25,000 ரூபாயோடு அனுப்பப்பட்டார்கள். 2012 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட், விஷவாயுவால் பாதிக்கப்பட்டவர்களின் மருத்துவ விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், ஒவ்வொருவர் கையிலும் சுகாதாரப் புத்தகமும் அட்டையும் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்தப் பெண்கள் தெருவில் நின்று போராடிப் பெற்ற உத்தரவு அது! அதற்குப் பத்தாண்டு கழிந்தும் வேலை முடியவில்லை என்று மத்தியப் பிரதேச ஹைகோர்ட் கண்டிக்க வேண்டியதாயிற்று.

பார்த்தீர்களா? எங்கே ஏடு முதலாளிக்கு எதிராகச் சாட்சி சொல்லுமோ, அங்கே கம்ப்யூட்டர் ஆமையாக நகருகிறது. எங்கே ஊழியரை விரட்டுவதற்கு உதவுமோ, அங்கே குதிரையாகப் பாய்கிறது.

சட்டமும் இருக்கிறது. போபாலுக்குப் பிறகு 1987ல் தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். நச்சுப் பொருளோடு வேலை செய்யும் தொழிலாளியின் உடல்நல ஏட்டை ஆலை நிர்வாகம் சரியாக வைத்திருக்க வேண்டும். தொழிலாளி அதைப் பார்க்க வழி வேண்டும் என்பது விதி. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்துள்ள தொகுப்புச் சட்டத்திலும் இந்தக் கடமை இருக்கிறது. தொழில் காரணமாக வந்த நோயைக் கண்ட டாக்டர், தொழிற்சாலை ஆய்வு அதிகாரிக்கு எழுத வேண்டும் என்பதும் சட்டம். தொழிலாளத் தோழர்களே, உங்கள் ஏட்டை நீங்கள் ஒருநாளாவது கேட்டுப் பார்த்ததுண்டா? ஒப்பந்தத் தொழிலாளியின் பெயர் ஆலை ஏட்டில் ஒழுங்காக ஏறியிருக்கிறதா என்றாவது விசாரித்ததுண்டா?

பூட்டு யாருடையது?

இன்னொரு விஷயத்தையும் மறக்கக் கூடாது. காகிதச் சீட்டு தொலைந்தால் ஒருவனுடைய சீட்டு தொலையும். கம்ப்யூட்டர் உடைபட்டால் ஊருடைய நோய் முழுவதும் தெருவுக்கு வரும். 2022 நவம்பர் 23 அன்று டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களைத் திருடர்கள் முடக்கிவிட்டார்கள். நாட்டின் முதன்மையான ஆஸ்பத்திரி ஏறக்குறைய இரண்டு வாரம் கையால் சீட்டு எழுதி நடந்தது. அந்த இரண்டு வாரமும் ஆஸ்பத்திரியைத் தாங்கியவர்கள் யார்? 'பழைய பழக்கத்தை விடாதவர்கள்' என்று ஏசப்பட்ட அதே ஊழியர்கள்தான்.

திருடன் மட்டும் அல்ல, முதலாளியும் எட்டிப் பார்ப்பான். இவனுக்கு ஆஸ்துமா, இவளுக்குக் கர்ப்பம், இவனுக்குக் காசம் என்று மேஸ்திரிக்குத் தெரிந்தால் நாளைக்கு வேலை உண்டா? இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிந்தால் கட்டணம் ஏறாதா? சொந்த விவரங்களைக் காக்க 2023ல் ஒரு சட்டம் செய்திருக்கிறார்கள். சட்டம் அலமாரியில் இருந்தால் போதாது. ஒருவருடைய நோயை யார் யார் பார்த்தார்கள் என்ற கணக்கு அந்த நோயாளிக்குத் தெரிய வேண்டும். நுழைவுச் சொல்லைப் பத்துப் பேர் பங்குபோட்டுக்கொள்ள வேண்டிய வேலைப்பளு இருக்கும்வரையில் இந்தக் கணக்கு நேராகாது. ஆக, ஊழியரின் பளுவும் நோயாளியின் இரகசியமும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருக்கின்றன.

நாம் கேட்பது என்ன?

முதலாவது: ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும், ஒவ்வொரு வார்டிலும் பதிவு செய்வதற்கென்று நிரந்தர ஊழியரை நியமிக்க வேண்டும். நர்சின் கை நோயாளிக்கு. பதிவுக்கு வேறு கை. நம் ஊர்களில் படித்துவிட்டு வேலையின்றி நிற்கும் பிள்ளைகளுக்குப் பஞ்சமா?

இரண்டாவது: ஒரு விவரத்தை ஒருமுறை ஏற்றினால் போதும் என்றாக வேண்டும். கம்ப்யூட்டரில் ஏறிய பிறகு அதே ரிஜிஸ்டரைக் கையாலும் எழுதச் சொல்லும் கொடுமை ஒழிய வேண்டும்.

மூன்றாவது: ஒவ்வொரு நோயாளிக்கும், அவர் புரிந்துகொள்ளும் தமிழில் அச்சிட்ட ஏட்டின் நகல் இலவசமாகக் கையில் கிடைக்க வேண்டும். செல்போனில் பார்த்துக்கொள் என்று சொல்லித் தட்டிக்கழிக்கக் கூடாது. தானே புயலில் மின்சாரம் அறுந்து கிடந்த நாட்களை இந்த ஜில்லா மறக்கவில்லை. வெள்ளத்துக்குக் கம்ப்யூட்டரும், இருட்டுக்குக் காகிதமும் தேவை.

நான்காவது: தொழில் என்ற இடத்தில் எந்த ஆலை, எந்தப் பிரிவு, எத்தனை ஆண்டு, வயலில் எந்த மருந்து என்பதைப் பதிய வேண்டும். சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களின் நோய்க் கணக்கை, ஆட்களின் பெயரை மறைத்து, ஊர்வாரியாக ஆண்டுதோறும் ஜனங்கள் முன் வைக்க வேண்டும்.

ஐந்தாவது: பதிவு குறைந்தது என்பதற்காக ஊழியரைத் தண்டிப்பதை நிறுத்த வேண்டும். முறையை மாற்றும்போது டாக்டர், நர்சு, மருந்தாளுனர், ஆய்வகச் சிப்பந்தி, கிராம செவிலியர் ஆகியோரின் சங்கங்களோடு முதலில் பேச வேண்டும்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பார்கள். யந்திரம் வாங்கவும் கம்பெனிகளுக்குக் கண்டிராக்ட் கொடுக்கவும் பணம் இருந்தது. இரண்டு கைக்குச் சம்பளம் கொடுக்க மட்டும் பணம் இல்லையா?

இதில் நாம் செய்ய வேண்டியதும் உண்டு. அடுத்த முறை வரிசையில் நிற்கும்போது, ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவரைத் திட்டாதீர்கள். "இந்த வேலைக்கு எத்தனை பேர் இருக்க வேண்டும், எத்தனை பேர் இருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அந்தப் பதிலை ஊருக்குச் சொல்லுங்கள். "நான் இன்ன ஆலையில் இன்ன வேலை செய்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்" என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மே தினத்தன்று கிராம சபை கூடும். ஊர்வாரி நோய்க் கணக்கு வேண்டும் என்று அங்கே தீர்மானம் கொண்டுவாருங்கள். ஆஸ்பத்திரி ஊழியர் தமது கோரிக்கையோடு வாசலில் நிற்கும் நாளில், நோயாளியின் கோரிக்கையோடு நாமும் பக்கத்தில் போய் நிற்போம்.

அவர்கள் கேட்பது எழுத நேரம். நாம் கேட்பது எழுதிய உண்மை. ஒன்றில்லாமல் மற்றொன்று கிடைக்காது.